சும்மா உட்காரும் பரீட்சை

நீங்கள் பாட்டுக்கு நோட்டுத் திருத்துங்கள் டீச்சர், நான் தொந்தரவு செய்யமாட்டேன். கால் ஆடுகிறதே என்று பார்க்கிறீர்களா? அது தானாக ஆடுகிறது. நான் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன். திருநெல்வேலியில் பஸ் ஏறினதிலிருந்து சும்மாவேதான் வருகிறேன். சாத்தூர் வரைக்கும் ஒரு அம்மாவுக்குப் பூண்டு உரித்துக் கொடுத்தேன். அது வேலையில் சேராது. அவர்கள் பை கிழிந்து பூண்டெல்லாம் காலடியில் கொட்டிவிட்டது, பொறுக்கின கையோடு உரித்தேன், அவ்வளவுதான். மதுரையில் நீங்கள் ஏறின பிறகு ஒன்றுமே செய்யவில்லை.

உங்கள் தண்ணீர் பாட்டில் மூடி சரியாக ஏறவில்லை. கொடுங்கள். ம், இனிமேல் சிந்தாது.

இது எனக்குப் பரீட்சை டீச்சர். சும்மா உட்காருகிற பரீட்சை. சிரிக்காதீர்கள். எட்டாம் வகுப்பில் கணக்கில் தவறினவள் நான். அதோடு போதும் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு எனக்குப் பரீட்சை வைத்தது என் மகள்தான், என்னுடைய ஐம்பத்தொன்பதாவது வயதில்.

என் பெயர் வயலட். பாளையங்கோட்டை. வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே சார், சார் என்று கூப்பிட்டு, நானும் சார் என்றே கூப்பிடப் பழகிவிட்டேன். மூத்தவன் எட்வின் சென்னையில் இருக்கிறான். இளையவள் ஷெர்லினைத் திருப்பூரில் கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளைக்குப் பனியன் கம்பெனியில் வேலை. இப்போது அவளுக்குத் தலைப்பிரசவம். அங்கேதான் போகிறேன். அங்கேதான் போகிறேன் என்று சொல்லும்போதே பாருங்கள், எனக்கே நாக்கு கூசுகிறது. தலைப்பிரசவத்துக்கு மகள் தாய் வீட்டுக்கு வருவாளா, தாய் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போவாளா? ஆனால் குற்றம் என் பேரில்தான். முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் அந்த நாற்காலியால் வந்தது.

போன கிறிஸ்துமஸுக்கு எட்வின் ஒரு நாற்காலி வாங்கி அனுப்பினான். பக்கத்தில் ஒரு பிடி இருக்கும். அதை இழுத்தால் முதுகு பின்னால் போகும், கால் தானாக மேலே தூக்கிக்கொள்ளும். “அம்மா, இனிமே மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல நீ ஒரு வேலையும் பாக்கக் கூடாது. இதுல சாஞ்சி உக்காரணும்” என்றான். பிள்ளை ஆசையாக வாங்கினது. உட்கார்ந்தேன். பிடியை இழுத்தேன். கால் மேலே போயிற்று. ஆண்டவரே, ஸ்தோத்திரம் என்று கண்ணை மூடினேன்.

மூடினதும் வாசல் கேட் திறக்கிற சத்தம்.

எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்குப் பகலில் கேட் சத்தம் கேட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். படுத்திருந்தால் எழுந்து கையில் விளக்குமாற்றை எடுத்துவிடுவோம். வருகிறவர்கள் யாராக இருந்தாலும், நாம் பெருக்கிக்கொண்டிருப்பதைத்தான் பார்க்க வேண்டும். என் மாமியார் ஒன்றும் கொடுமைக்காரர் இல்லை. நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் “வயலட்டுக்குச் சுகமில்லையா?” என்று மட்டும் கேட்பார்கள். அதுவும் அன்பாகத்தான் கேட்பார்கள். அவர்கள் கர்த்தருக்குள் போய்ப் பதினாறு வருஷம் ஆயிற்று. நான் இன்னும் விளக்குமாற்றை எடுக்கிறேன்.

அன்றைக்கு எடுக்க முடியவில்லை. கால் மேலே இருக்கிறதே. பிடியை எந்தப் பக்கம் இழுத்தால் இறங்கும் என்று எட்வின் சொல்லித்தரவில்லை. கவிழ்ந்த கரப்பான்பூச்சி மாதிரிக் கிடக்கிறேன். நெஞ்சு அடிக்கிறது டீச்சர், உரலில் இடிக்கிற மாதிரி. கை சில்லிட்டுவிட்டது, நாக்கு ஒட்டிக்கொண்டது. இதுதான் மாரடைப்பு என்று முடிவு செய்துவிட்டேன். வந்தது சிலிண்டர் போடுகிறவர். அவர்தான் என்னைத் தூக்கி இறக்கிவிட்டார். சார் பக்கத்து அறையில் நல்ல தூக்கம்.

ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்தார்கள். சின்ன டாக்டர், நம் பிள்ளை வயது. “இதயம் நல்லா இருக்கும்மா. எப்ப இந்த மாதிரி வருது?” என்றார். “சும்மா இருந்தா வருது டாக்டர்” என்றேன். “வேலை செய்யும்போது?” “அப்ப ஒண்ணும் இல்ல.” அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, “அப்ப சும்மா இருந்து பழகுங்க” என்றார். மாத்திரைகூட எழுதவில்லை. எழுதியிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும். நாற்காலியில் இப்போது இஸ்திரி போட வேண்டிய துணி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது.

இந்தச் செய்தி ஷெர்லின் காதுக்குப் போய்விட்டது. சார்தான் சொன்னார். அவர் வாயில் எதுவும் தங்காது.

ஏழாம் மாதம் சோறு பொங்கிக் கொண்டுபோய் மகளை அழைத்துவர வேண்டும் இல்லையா, முறுக்கு, அதிரசம் எல்லாம் செய்து, சாரையும் கூட்டிக்கொண்டு திருப்பூர் போனேன். பெட்டி கட்டி வைத்திருப்பாள் என்று பார்த்தால், கட்டவில்லை. அடுக்களைக்குள் என்னைக் கூப்பிட்டாள்.

“அம்மா, கோவிச்சுக்கிடாத. நான் இங்கேயே பெத்துக்கிடுதேன்.”

“தலைப்பிள்ளைட்டி. ஊர் என்ன சொல்லும்?”

“ஊரு பெக்கப்போகுதா?”

“நம்ம வீட்டுல என்ன கொறச்சல்?”

“வீட்டுல ஒரு கொறச்சலும் இல்லம்மா.” பிறகு, “நீ ஒரு எடத்துல உக்கார மாட்ட. என்னையும் படுக்க விட மாட்ட. நான் புரண்டு படுத்தாக்கூட நீ எந்திரிச்சி லைட்டப் போடுவ. எனக்கு அது ஒத்துக்காதும்மா” என்றாள்.

நான் யாரையாவது தொந்தரவு செய்கிறவளா டீச்சர், நீங்களே சொல்லுங்கள்.

அங்கே அவள் மாமியார் இருக்கிறார்கள், கிருபாவதி அம்மாள். நல்ல ஜெபமுள்ளவர்கள், தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் மீன் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டுப் போய்ப் படுக்கிறார்கள். படுத்ததும் தூங்குகிறார்கள். குழம்பு அது பாட்டுக்குக் கொதிக்கிறது. இவர்கள் எழுந்துவந்து இறக்குகிறார்கள். அடிப்பிடிக்கவும் இல்லை. இப்படியும் ஒரு மனுஷியை ஆண்டவர் படைத்திருக்கிறார்.

நான் அழுததைப் பார்த்து ஷெர்லினுக்கு மனசு இளகிவிட்டது. ஒரு வாட்சைக் கொண்டுவந்து என் கையில் கட்டினாள். நேரம் காட்டுகிற வாட்ச் இல்லை. நேரமும் காட்டும், நாடி எத்தனை அடிக்கிறது என்றும் காட்டும். அது எப்படியோ திருப்பூரில் அவள் போனிலும் தெரியுமாம்.

“ஒரு வாரம் பாக்கேன். தெனம் ரெண்டு மணியில இருந்து மூணு மணி வரைக்கும் சும்மா உக்காரு. எண்பதுக்குக் கீழ வரணும். ஒரே ஒரு நாள் வந்தாப் போதும், நான் பெட்டியோட பாளையங்கோட்டைக்கு வந்துருதேன்.”

பரீட்சை இதுதான்.

ஊர் திரும்பின திங்கட்கிழமை நூற்றிநான்கு. செவ்வாய்க்கிழமை நூற்றிப்பன்னிரண்டு. உட்கார்ந்தேன் டீச்சர், நிசமாகவே உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் மனசு என்ன சொல்லும் தெரியுமா? எல்லாம் சரியாக இருக்கிற மாதிரி இருக்கிறதே, அப்படியென்றால் எதையோ மறந்திருக்கிறாய் என்று சொல்லும். பால் பொங்கிவிட்டதா? அடுப்பே பற்றவைக்கவில்லை. மொட்டைமாடிக் கதவு? எங்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது. இல்லாத கதவைப் பூட்டினேனா என்று பதைத்திருக்கிறேன்.

புதன்கிழமை ஜெபம் பண்ணிக்கொண்டே உட்காரலாம் என்று நினைத்தேன். ஜெபக் குறிப்பு நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். அறுபது எழுபது பேர் இருப்பார்கள். சபையில் யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் எழுதிக்கொள்வேன். விடியற்காலையில் நின்றுகொண்டு, சாணி தெளித்துக்கொண்டு, இட்லி ஊற்றிக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சொல்லும்போது ஒன்றும் தெரிவதில்லை. கையைக் கட்டி உட்கார்ந்து சொன்னால் ஒருவருக்குச் சிறுநீரகம், ஒருவருக்குக் கடன், ஒரு பையனைக் காணவில்லை. எல்லாம் மொத்தமாக மடியில் வந்து ஏறிக்கொள்கிறது. நூற்றி இருபது.

வியாழக்கிழமை ஷெர்லின் ஒரு ஒலிப்பதிவு அனுப்பினாள். ஒரு பெண் தூக்கக் கலக்கத்தில் பேசுகிற மாதிரிப் பேசுவாள். “உங்கள் கால்விரல்களைத் தளர விடுங்கள்.” விட்டேன். “முழங்கால்களைத் தளர விடுங்கள்.” இரண்டு வருஷமாக அது தானாகவே தளர்ந்துதான் இருக்கிறது. “நீங்கள் ஒரு கடற்கரையில் படுத்திருக்கிறீர்கள்.” எதற்கு? மத்தியானம் இரண்டரை மணிக்குக் கடற்கரையில் எதற்குப் படுத்திருக்கிறேன்? யாரோடு வந்தேன்? சார் எங்கே? “அலைகள் மெல்ல உங்களை நோக்கி வருகின்றன” என்றாள். எழுந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமைதான் வேடிக்கை. எங்கள் சபையில் ஒரு குடும்பத்தில் பிறந்தநாள் விருந்து வைத்தார்கள். உதவிக்குப் போனேன். இரண்டு மணிக்கு வாட்சைப் பார்க்கவே மறந்துவிட்டேன். ஷெர்லின் போனில் கத்துகிறாள், “அம்மா, எழுபத்திரெண்டும்மா, எழுபத்திரெண்டு. என்ன செஞ்ச?” நான் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். “எட்டுக் கிலோ வெங்காயம் உரிச்சேன்.” “அது செல்லாதும்மா” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நாள், கணக்கில் சேராது. இன்னும் ஒரே நாள் இருக்கிறது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? மகளுக்கு வெந்நீர் வைக்க, பத்தியம் பொங்க, பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்க எல்லாம் மனசுக்குள் ஒழுங்குபண்ணி வைத்திருக்கிறேன். அத்தனையும் அந்தக் கிருபாவதி அம்மாள் படுத்துக்கொண்டே செய்வார்கள் என்று நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் எனக்கு ஆலயத்தில் பீடம் அலங்காரம் செய்கிற முறை வேறு. கிளம்பும்போது பார்த்தேன். சார் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் கையை நீட்டித் தூங்கிக்கொண்டிருக்கிறார். முப்பத்திரண்டு வருஷம் மைதானத்தைச் சுற்றி ஓடின மனுஷர்.

டீச்சர், நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். வாட்சைக் கழற்றி அவர் கையில் கட்டினதை மட்டும்தான் செய்தேன்.

உங்கள் பாஷையில் அதற்கு ஆள்மாறாட்டம் என்று பெயர், தெரியும்.

பீடத்துக்குச் சம்பங்கி வைத்து, விரிப்பு மாற்றி, வெளியே வருகிறேன். எங்கள் தெருமுனையில் கூட்டம். எங்கள் வீட்டு வாசலில் செருப்பாகக் கிடக்கிறது. எதிர்வீட்டு ராஜபாய் என்னைப் பார்த்ததும் நெஞ்சில் கைவைத்து “நீங்க உயிரோடதான் இருக்கீங்களா மதினி?” என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சாருக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று உள்ளே ஓடினேன். ஓடினால், சார் கட்டிலில் முழித்து உட்கார்ந்திருக்கிறார். சுற்றிப் பதினைந்து பேர். தலைமாட்டில் ஐயர், எங்கள் பாஸ்டரைத்தான் நாங்கள் ஐயர் என்போம், வேதப்புத்தகத்தோடு நிற்கிறார். சார் பனியன்கூடப் போடவில்லை. “யார் செத்தது?” என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நடந்தது இதுதான். சாருடைய நாடி நாற்பத்தாறுக்கு இறங்கியிருக்கிறது. ஓடின உடம்பு, தூக்கத்தில் அப்படித்தான் அடிக்குமாம். வாட்சுக்கு அது தெரியுமா? வயலட்டின் இதயம் நின்றுகொண்டிருக்கிறது என்று ஷெர்லின் போனுக்குச் சொல்லியிருக்கிறது. அவள் எனக்கு அடித்திருக்கிறாள். என் போன் வீட்டில், அரிசிப் பானைக்குப் பின்னால். சாருக்கு அடித்திருக்கிறாள். அவர் எங்கே எடுக்க. கடைசியில் ராஜபாய்க்கு அடித்து, “எங்கம்மாவப் போய்ப் பாருங்க அத்தை” என்று அலறியிருக்கிறாள்.

ஏழு மாதம் முடிந்த பிள்ளைத்தாய்ச்சி டீச்சர். பெட்டிகூட எடுக்காமல், மாப்பிள்ளைக்கும் சொல்லாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ ஏறிவிட்டாளாம். நான் போனை எடுத்து “ஏட்டி, நான்தான்” என்றேன். அந்தப் பக்கம் அவள் அழுத அழுகை இருக்கிறதே. நான் அழுகிறவள், அவள் அழமாட்டாள். கல்யாணத்தன்றுகூட அழவில்லை.

நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று இருந்தேன். திட்டவில்லை.

“அம்மா, நீ சும்மா உக்காரணும்னு எனக்கு ஒண்ணும் இல்லம்மா” என்றாள். “நீ பயந்தா எனக்குப் பயம் வருது. சின்னதுல இருந்தே. எனக்குக் காய்ச்சல் வந்தா நீ பக்கத்துல உக்காந்து ஜெபம் பண்ணுவ, ஞாபகம் இருக்கா? என் காதுக்குள்ளயே. ‘எடுத்துக்கிடாதேயும் ஆண்டவரே, எம்பிள்ளைய எடுத்துக்கிடாதேயும்’னு. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் நான் சாகப்போறேன்னு நெனச்சுக்கிட்டுக் கெடப்பேம்மா. பிரசவத்துக்கு வலி வரும்போது எனக்கு அந்தச் சத்தம் கேக்கக் கூடாது.”

நூற்றொன்றுதான் இருக்கும் டீச்சர், அந்தக் காய்ச்சல் எல்லாம். நான் ஆண்டவரிடம் பேசினேன். பிள்ளை தூங்குகிறது என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு அது கேட்டுக்கொண்டிருந்தது என்று யார் கண்டது?

ஆரஞ்சு சாப்பிடுகிறீர்களா? உரித்துவிட்டேன். நார் எல்லாம் எடுத்துவிட்டேன், சும்மா சாப்பிடலாம்.

அன்றைக்கு “சரிட்டி, நீ அங்கேயே இரு, ஆட்டோவத் திருப்பச் சொல்லு” என்று மட்டும் சொன்னேன். வாட்சை மறுவாரமே கூரியரில் அனுப்பிவிட்டேன். பிறகு ஒன்றரை மாதம் நானாகக் கூப்பிடவில்லை. நோட்டில் அவள் பெயர் வரும்போது வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஜெபம் பண்ணினால் ஆண்டவருக்குக் கேட்குமோ என்னவோ.

போன ஞாயிற்றுக்கிழமை அவளே கூப்பிட்டாள். டாக்டர் குறித்திருப்பது இன்னும் பன்னிரண்டு நாளில். “அம்மா, நீ வந்துரு. நீ இல்லாம எனக்கு முடியாது. ஆனா ஒண்ணு, நான் உள்ள போகும்போது உனக்குப் பயமில்லன்னு எனக்குத் தெரியணும். அது போதும்” என்றாள்.

அதனால்தான் பன்னிரண்டு நாள் முன்னாலேயே கிளம்பினேன். போய்ப் பழகிக்கொள்ளலாமே. கிருபாவதி அம்மாள் பக்கத்தில் ஒரு பாயைப் போட்டு நானும் மத்தியானம் படுக்கப்போகிறேன். குழம்பு கொதித்தால் கொதிக்கட்டும். சார் பஸ் ஸ்டாண்டில் என்னை ஏற்றிவிட்டு, “வயலட், எங்கேயாவது ஒரு இடத்துல கண்ணை மூடிட்டுப் போ” என்றார். இதோ, உங்களோடு பேசாமல் இருந்திருந்தால் இந்நேரம் ஒரு தூக்கம் போட்டிருப்பேன்.

இருங்கள், போன் அடிக்கிறது. மாப்பிள்ளை. இந்த நேரத்தில் கூப்பிடமாட்டாரே.

“சொல்லுங்க மாப்பிள்ளை… ஆமா, பஸ்லதான். ஒட்டன்சத்திரம் தாண்டியாச்சு… எப்போ?… பன்னீர்க்குடமா… சரி. ஆஸ்பத்திரிக்கு வந்தாச்சா? வலி இருக்கா?… சரி. உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னால அவகிட்ட ஒரு நிமிஷம் குடுங்க.”

“ஏட்டி, ஷெர்லின்… கேக்குது, சொல்லு… நானா? எனக்கென்ன… குரலா? தூங்கி எந்திரிச்ச குரலுட்டி இது… ஆமா. திண்டுக்கல்லுல கண்ணு அசந்தது, இப்ப போன் அடிக்கத்தான் முழிச்சேன்… நெசமாத்தான்… நான் எதுக்குப் பொய் சொல்லப்போறேன்… நம்பலன்னா பக்கத்துல ஒரு டீச்சர் இருக்காங்க, அவங்ககிட்டயே கேளு.”

டீச்சர், கேட்கிறாள். நான் தூங்கினேனா என்று கேட்கிறாள். நீங்கள் பொய் சொல்லாதவர்கள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இருந்தாலும், இந்தாருங்கள். சீக்கிரம். உள்ளே கொண்டுபோய்விடுவார்கள்.

வைத்துவிட்டாளா? உள்ளே போய்விட்டாளா?

என் தலை உங்கள் தோளில் விழுந்து கிடந்தது என்றா சொன்னீர்கள். சேலையெல்லாம் எச்சில் என்றா. நல்லா இருப்பீர்கள். அதற்கு அவள் என்ன சொன்னாள்? சிரித்தாளா?

இந்தக் கையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் டீச்சர். இல்லை, வாய்விட்டு ஒன்றும் சொல்லமாட்டேன். சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன். எப்படிச் சிரித்தாள் என்று மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்கள்.